லூசியாள் கீழே வைத்த தட்டு

பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலின் பன்னிரண்டு ஜன்னல்களிலும் நின்ற பன்னிரண்டு புனிதர்கள் ஒருவர் பொருளை இன்னொருவர் மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் பூசைக்கு வந்தவர்களில் அதை முதலில் கவனித்தவர் பூட்டுக்காரர். தொழில் அப்படி, எங்கே போனாலும் அவர் கண் முதலில் சாவியைத்தான் தேடும். வலப்பக்கம் முதல் ஜன்னலில் ராயப்பர் கையில் இருக்கவேண்டிய இரண்டு பெரிய சாவிகளைக் காணவில்லை. அங்கே ஒரு கட்டு அம்பு இருந்தது. சாவிகள் அதே வரிசையின் கடைசி ஜன்னலில், நாயோடு நிற்கும் ரோக்கின் கையில் தொங்கின. பூட்டுக்காரர் பிரசங்கம் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, "ராயப்பர் சாவிய நாய்க்காரர்கிட்ட குடுத்துட்டார் போல" என்றார். பக்கத்திலிருந்தவர் அண்ணாந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார், "ஒருவேளை வெளியூர் போறாரோ என்னமோ" என்றார். பூசை முடிவதற்குள் கோயில் முழுக்க எல்லாரும் பீடத்தை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேறெந்தக் கோயிலாக இருந்தாலும் இதனால் பெரிய குழப்பம் வந்திருக்காது. கையில் என்ன இருந்தாலும் முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் எண்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஜன்னல்களைச் செய்து கொடுத்த கண்ணாடி ஓவியருக்கு ஒரே ஒரு முகம்தான் வரைய வரும். நீள மூக்கு, கொஞ்சம் தூக்கக் கலக்கமான கண், இடப்பக்கம் சாய்ந்த தலை. அந்த முகத்துக்கு முக்காடு போட்டால் பெண் புனிதர், தாடி ஒட்டினால் ஆண் புனிதர். இடப்பக்கம் ஆறு முக்காடு, வலப்பக்கம் ஆறு தாடி. மற்றபடி பன்னிரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி இருக்கும். அதனால் அந்தக் கோயிலில் ஞானோபதேச வகுப்புக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். மோட்சத்துச் சாவி என்றால் ராயப்பர், சக்கரம் என்றால் கத்தரீனாள். உடம்பெல்லாம் அம்பு தைக்கப்பட்ட செபஸ்தியார் அம்பு வைத்திருப்பார். கம்பித் தட்டில் போட்டு வாட்டப்பட்ட லவுரேந்தியார் அந்தக் கம்பித் தட்டையே பிடித்திருப்பார். பல் பிடுங்கப்பட்ட அப்போலோனியாள் கையில் குறடும் குறட்டில் ஒரு பல்லும். கண் பிடுங்கப்பட்ட லூசியாள் கையில் ஒரு தட்டும் தட்டில் இரண்டு கண்ணும். யாரை எதனால் வதைத்தார்களோ அதையே கையில் கொடுத்து நிற்கவைத்திருக்கிறார்களே என்று யாராவது ஒரு குழந்தை வருஷா வருஷம் கேட்கும். வருஷா வருஷம் ஆசிரியை, "அடுத்த பாடத்துல வரும்" என்பாள். அடுத்த பாடத்தில் வராது.

இந்த ஜன்னல்களைப் பத்தொன்பது வருஷமாகத் துடைத்துவந்தவளை எல்லாரும் ஏணியக்கா என்று கூப்பிட்டார்கள். தெருவில் அவளை ஏணியில்லாமல் பார்த்தவர்கள் குறைவு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு வாளியும் வினிகர் பாட்டிலும் பழைய பனியன் துணிகளுமாக வருவாள். செய்தித்தாளால் துடைக்கமாட்டாள், வர்ணத்தைக் கீறிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் துடைப்பது, மறு வாளியில் துணியை அலசுவது, பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை. அவளுக்கென்று ஒரு முறை உண்டு: முதலில் கை, கையிலிருக்கும் பொருள், பிறகு உடை, கடைசியில் முகம். எங்கே ஆரம்பிக்கிறோமோ அங்கேதான் துணி சுத்தமாக இருக்கும் என்பது அவள் கணக்கு. முகத்துக்கு வரும்போது துணி கறுத்திருக்கும், அவளுக்கும் தோள் வலித்திருக்கும், ஒப்புக்கு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இறங்கிவிடுவாள். படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோனவள். புனிதர்களை அவள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, துடைத்துத் தெரிந்துகொண்டாள். முதல் மூன்று வருஷம் லூசியாளின் தட்டிலிருப்பது இரண்டு அவித்த முட்டை என்றுதான் நினைத்திருந்தாள். சமையல்காரர்களுக்கான புனிதர் போலிருக்கிறது என்று எண்ணி, சோறு குழைந்துபோன நாட்களில் அவளிடம் முறையிட்டும் இருக்கிறாள். மணியடிக்கிறவர்தான் ஒருநாள், "முட்டையில்லம்மா, கண்ணு. உத்துப் பாரு, உன்னத்தான் பாக்குது" என்றார். ஏணியக்கா உற்றுப் பார்த்தாள், ஏணியிலிருந்து விழப்பார்த்தாள். அதன்பிறகு சோறு தானாகவே சரியாக வந்தது.

அவளுக்கு ஒரு தங்கை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால் அக்கா தங்கையைக் காட்டுவாள், தங்கை அக்காவைக் காட்டுவாள். பேக்கரிக்குப் பின்னால் இரண்டு அறையில் குடியிருந்தார்கள். முன்னறையில் தங்கையின் தையல் மிஷின், வெட்டுகிற மேஜை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட கத்தரிக்கோல் மூன்று. காலை நாலு மணியிலிருந்து ரொட்டி வாசம் சுவர் வழியாக வரும். அவள் தைத்த துணிகளில் எல்லாம் லேசாக அந்த வாசம் இருக்கும், வாடிக்கைக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். பித்தான் துளைக்குக் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முந்தின வருஷம் ஒருநாள் அவள் ஊசியில் நூல் கோக்க முயன்று ஏழு தடவை தவறவிட்டாள். நூல்மேல் பழிபோட்டாள். மறுவாரம் சாக்குக்கட்டிக் கோடு தெரியவில்லை. சாக்குக்கட்டிமேல் பழிபோட்டாள். மூன்றாவது மாதம் எதிரில் நின்ற வாடிக்கைக்காரியைப் பார்த்து, "உக்காருங்கம்மா, உங்க பொண்ணு வரலையா?" என்றாள். வந்திருந்தது பொண்ணுதான். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் பார்வை ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் ஒரே சமயத்தில் போய்க்கொண்டிருக்கிறது, வருஷக் கடைசிக்குள் முழுக்கப் போய்விடும், மருந்தில்லை என்றார். தங்கை வீட்டுக்கு வந்து மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டே இருந்தாள். ஊசியில் நூல் இல்லை. துணியும் இல்லை. அக்கா அந்தச் சத்தத்தை அரைமணி நேரம் கேட்டாள். பிறகு எழுந்து கோயிலுக்குப் போய், இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே முழங்கால் போட்டு, லூசியாளிடம் நாற்பது சனிக்கிழமை வந்து கும்பிடுவதாக நேர்ந்துகொண்டாள்.

தங்கைக்கு இதில் நம்பிக்கையில்லை. "அவங்க கண்ணையே தட்டுல எடுத்து வச்சிருக்காங்க. அவங்ககிட்ட போயி என் கண்ணைக் கேக்குறியே" என்பாள். "அவங்களுக்குத்தானடி அந்த அருமை தெரியும்" என்பாள் அக்கா. "சரி, கேட்டு வை. தட்டுல இடம் இருந்தா இதையும் வச்சிக்கச் சொல்லு."

இருபத்துமூன்றாவது சனிக்கிழமைதான் அது நடந்தது. அன்று புழுக்கம். ஏணியக்கா மூன்றாவது ஜன்னலில் தட்டைத் துடைத்து, கையைத் துடைத்து, முழங்கைவரை வந்தபோது அவள் கையே மரத்துப்போனது. வாளியை ஏணிப்படியில் வைத்துவிட்டுக் கையை உதறினாள். அப்போது எதிரே லூசியாளின் கை, எண்பது வருஷமாக நீட்டியபடியே இருப்பது, அவள் கண்ணில் பட்டது. அவளுக்கு மனம் தாங்கவில்லை. "எத்தன நாளைக்குத்தான் இப்படியே புடிச்சிட்டு நிப்பீங்க தாயி. கொஞ்சம் கீழ வச்சிட்டு கைய உதறிக்கக் கூடாதா?" என்றாள். லூசியாளுக்கு மட்டும் சொன்னால் மற்றவர்கள் வருத்தப்படுவார்களே என்று, இறங்கும்போது பொதுவாக ஒரு தடவை எல்லா ஜன்னலையும் பார்த்து, "எல்லாருக்கும்தான் சொல்றேன்" என்றாள். வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் பூசையில் எல்லாரும் அண்ணாந்தபோது அவளுக்கு மட்டும் என்ன நடந்திருக்கிறது என்று உடனே விளங்கியது. சொன்னபடி எல்லாரும் கீழே வைத்திருக்கிறார்கள், கையை உதறியிருக்கிறார்கள். திரும்ப எடுக்கும்போது, கல்யாண வீட்டு வாசலில் அவசரத்தில் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறவர்கள்போல், கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் நின்றிருக்கிறார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

நிலவரம் இதுதான். லூசியாளின் ஜன்னலில் முக்காடு போட்டவள் கையில் குறடும் பல்லும் இருந்தன. லூசியாளின் தட்டு நேர் எதிரே, வலப்பக்கம் மூன்றாவது ஜன்னலில், லவுரேந்தியார் கையில் இருந்தது. விருந்தாளிக்குப் பலகாரம் நீட்டுகிறவர்போல் அதை நீட்டிக்கொண்டிருந்தார். அப்போலோனியாள் சக்கரத்தை வைத்துக்கொண்டு முழித்தாள். கத்தரீனாள் கையில் கம்பித் தட்டு. கோபுரத்தில் பூட்டிவைக்கப்பட்ட பர்பராள் பிடித்திருந்த கோபுரத்தைச் செபஸ்தியார் பால் தூக்குபோலப் பிடித்திருந்தார். பங்குத்தந்தை திங்கட்கிழமை கூட்டம் போட்டார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மாறியது பொருளா, ஆளா? பொருள் மட்டும் மாறியிருந்தால் மூன்றாவது ஜன்னலில் நிற்பவள் இன்னும் லூசியாள்தான். ஆட்கள் இடம் மாறிக்கொண்டு நின்றிருந்தால், குறடு வைத்திருப்பவள் அப்போலோனியாள். எதிரே தட்டு வைத்திருப்பவள் லூசியாள் என்றால் அவளுக்கு ஏன் தாடி இருக்கிறது என்று பூட்டுக்காரர் கேட்டார். தாடி கண்ணாடியோடு சேர்ந்தது, ஜன்னலைவிட்டு வராது என்று ஒருவர் விளக்கினார். அப்போது மணியடிக்கிறவர் எழுந்து நாயைச் சொன்னார். ரோக்கின் நாய் மட்டும் வாயில் ரொட்டியோடு பழைய ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தது. ஆள் மாறியிருந்தால் நாய் எசமானோடு போயிருக்கும், போகவில்லை, ஆகவே பொருள்தான் மாறியிருக்கிறது. கூட்டத்தில் எல்லாருக்கும் நெஞ்சில் பால் வார்த்தமாதிரி ஆனது. ஏணியக்கா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னாள். தங்கை பித்தான் தைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நாய் எங்க ரொட்டி கிடைக்குதோ அங்கதான் உக்காரும். நாமளே பேக்கரிய விட்டுப் போகாம இருக்கோம்" என்றாள். 

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இதை அளந்து முடித்துவிடலாம் என்றார். நீளமான நோட்டு ஒன்றில் கட்டம் போட்டார். யார், எந்த ஜன்னலில், எதைக் கேட்டார்கள், என்ன கிடைத்தது. பல்வலிக்காரர் ஒருவர் குறடு இருக்கும் ஜன்னலில் வேண்டினார்; பல்வலி அப்படியே இருந்தது, தூரத்து எழுத்துப் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. ஆள்தான் முக்கியம் என்று எழுதினார் அளவைக்காரர். தொலைந்த பீரோச் சாவிக்காக ஒரு ஆசிரியை ராயப்பரின் பழைய ஜன்னலில் வேண்டினாள், கிடைக்கவில்லை. நாய்க்காரரின் ஜன்னலில் வேண்டினாள், அன்று மத்தியானமே மாவுப் பானைக்குள் கிடைத்தது. பொருள்தான் முக்கியம் என்று எழுதினார். சக்கரம் இருக்கும் ஜன்னலில் வண்டிக்காரர் ஒருவர் வேண்டினார், அவர் வண்டியும் ஓடியது, கடைவாய்ப் பல்லும் சரியானது. அளவைக்காரர் பென்சிலைக் கடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். நாலு மாதத்தில் நூற்றுப்பன்னிரண்டு பேர் வேண்டியதில் சரிபாதி ஆளுக்கும் சரிபாதி பொருளுக்கும் போயிருந்தது. அவர் நோட்டை மூடி, அது இனிமேல் தனக்கு வேண்டாம் என்று கோயில் நூலகத்தில் வைத்துவிட்டார். பழைய புகைப்படங்களைப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, வீடுவீடாகக் கல்யாண ஆல்பங்களை எடுத்துவந்தார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் ஜன்னல்கள் தெளிவாகவே தெரிந்தன. முப்பது வருஷத்துக்கு முந்திய படத்திலும் லவுரேந்தியார் கையில்தான் லூசியாளின் தட்டு இருந்தது. படமும் மாறியிருந்தது. சிலர் ஆல்பத்தை மூடிவிட்டு, இது முதலிலிருந்தே இப்படித்தான், நமக்குத்தான் ஞாபகப் பிசகு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்கள் சொன்ன தொனியில் மற்றவர்களுக்கும் சந்தேகம் வந்தது.

ஏணியக்காவுக்கு மட்டும் அந்தச் சந்தேகம் வர வழியில்லை. பத்தொன்பது வருஷமாகத் துடைத்த கை சொன்னது. அவளுடைய கஷ்டம் வேறு. இருபத்துநாலாவது சனிக்கிழமையை எந்த ஜன்னலில் கும்பிடுவது? போன இருபத்துமூன்று சனிக்கிழமையின் எண்ணிக்கையை வைத்திருப்பது யார்? ஜன்னலில் நிற்பவளா, தட்டைப் பிடித்திருப்பவரா? தப்பான ஆளிடம் கேட்டால், தங்கைக்குப் பல் நன்றாக ஆகிவிட்டுக் கண் போய்விடுமே. முதல் வாரம் பாதி நேரம் இங்கே, பாதி நேரம் அங்கே முழங்காலிட்டாள். பிறகு பாதி பாதி வேண்டினால் ஒரு கண்தான் கிடைக்குமோ என்ற பயம் வந்தது. இடப்பக்க மூன்றாவது ஜன்னலுக்கும் வலப்பக்க மூன்றாவது ஜன்னலுக்கும் சரிநடுவில், நடைபாதையில், எந்தப் பக்கமும் பார்க்காமல் முழங்காலிட்டாள். போகிற வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தங்கை காதுக்கு இது எட்டியது. "பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி நடுவுல நிக்கிறியாமே. எது முதல்ல வருதோ அதுல ஏறிக்கலாம்னா?" என்றாள்.  தங்கை சிரித்துக்கொண்டே கையை நீட்டித் துழாவினாள். டம்ளர் அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அக்கா அதைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தாள்.

முப்பதாவது சனிக்கிழமைக்குள் தங்கைக்கு முகங்கள் போய்விட்டன. முப்பத்துநாலுக்குள் ஜன்னல் இருக்கும் இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வாடிக்கைக்காரர்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை, எல்லாரும் அவசரம் என்று மட்டும் சொன்னார்கள். கத்தரிக்கோல் மூன்றும் ஆணியில் அசையாமல் தொங்கின. முப்பத்தொன்பதாவது சனிக்கிழமை வீட்டுக்கு வந்த அக்கா, வாசலில் வாளியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, மூச்சையே காணோம்?"

"நான்தாண்டி பண்ணினேன்."

"எத?"

"ஜன்னல. நான்தான் கீழ வைக்கச் சொன்னேன். கை வலிக்குமேன்னு சொன்னேன். ஒனக்கு வரவேண்டியது எங்கயோ மாறிப் போயிடுச்சு, என்னாலதான்."

 தங்கையின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அக்கா எழுந்து ஓடினாள். தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பன்னெண்டு பேர உக்காந்து ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லியிருக்கா பாரு! என்னைய ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கியா? மிஷின விட்டு எழுந்திரிடின்னு?"

"சொல்லல."

"போ. போயி தப்ப ஒத்துக்க. நானும் வர்றேன், ஏணியப் புடிக்க ஆள் வேணும்ல."

நாற்பதாவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நல்ல வெயில். தங்கை ஏணியின் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அக்கா மூன்றாவது ஜன்னல் உயரத்துக்கு ஏறி, கோயிலில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக முகத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். புதுத் துணி. நெற்றி, தூக்கக் கலக்கமான கண், நீள மூக்கு. அடுத்து ஏணியை நகர்த்தி அடுத்த முகம். பன்னிரண்டு முகத்தையும் துடைத்து முடிக்கப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. பிறகு கீழே நின்று சொன்னாள்: "தெரியாம சொல்லிட்டேன். என் தங்கச்சிக்காகத்தான் இங்க வர்றேன், உங்களுக்கே தெரியும். யாரு யாருன்னு எனக்குத் தெரியல. தெரியாட்டி பரவால்ல. எல்லாரையும்தான் கேக்குறேன். இன்னொரு தடவ கீழ வைங்க. இந்தத் தடவ நிதானமா, பாத்து எடுங்க." தங்கை பின்னாலிருந்து, "அவசரமில்லன்னு சொல்லு" என்றாள். "அவசரமில்ல" என்றாள் அக்கா.

அவர்கள் அவசரப்படவில்லை. மறுநாள் காலையில் பன்னிரண்டு புனிதர்களும் வெறுங்கையோடு நின்றார்கள். எல்லாவற்றையும் கீழே வைத்திருந்தார்கள். ஒன்றைக்கூடத் திரும்ப எடுத்திருக்கவில்லை. தட்டு, சாவி, அம்பு, சக்கரம், கோபுரம் எதுவும் எந்தக் கண்ணாடியிலும் இல்லை. விரல்கள் மட்டும் பிடித்த பிடியிலேயே மடங்கியிருந்தன. நாய்கூட ரொட்டியில்லாமல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மாற்றிப் பிடித்தபோது இருந்த குழப்பமே மேல் என்று பங்குத்தந்தை நினைத்தார். இப்போது ஒரே முகம் பன்னிரண்டு தடவை சும்மா நின்றது, அதில் யாரை யார் என்று சொல்வது? ஏணியக்கா தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். இருந்ததும் போய்விட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்போது தங்கை மெதுவாக, "முன்னால வெள்ளியில ஒரு கிண்ணம். கைப்புடி இல்ல" என்றாள். பங்குத்தந்தை பாத்திரத்தை உயர்த்திப் பிடித்திருந்தார். "அதுக்குப் பின்னால ஒரு மணி. அந்தரத்துல நிக்குது. அக்கா, மணியப் புடிச்சிருக்கிற ஆளக் காணோமே?" மணியடிக்கிறவர் அங்கேதான் நின்றார். ஏணியக்கா அவளை உலுக்கி, "மேல பாருடி. ஜன்னலப் பாரு" என்றாள். தங்கை தலையைத் திருப்பினாள். "இங்கிருந்து மூணாவது, தட்டு. ரெண்டு கண்ணு. மணிக்காரர் சொன்னது சரிதான், நம்மளத்தான் பாக்குது. அதுக்குப் பக்கத்துல குறடு. அந்தப் பக்கம் மொதல்ல சாவி. நாயி இல்ல, ஒரு ரொட்டி மட்டும் தெரியுது." எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மற்றவர்களுக்கு வெறுங்கையாகத் தெரிந்த ஜன்னல்களில் அவளுக்குப் பொருள்கள் மட்டும் தெரிந்தன. முகம் ஒன்றும் தெரியவில்லை.

பூட்டுக்காரர் இரண்டு பெஞ்சு தாண்டி வந்து அவள் முன்னால் நின்றார். "நான் யாரு சொல்லு?" தங்கை, "யாருங்க பேசுறது?" என்றாள். அவர் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். "அட, பூட்டு மாமாவா? பதினாலு சாவி. ஒண்ணுக்குப் பல் உடைஞ்சிருக்கு பாருங்க" என்றாள். அவர் எண்ணிப் பார்த்தார். பதினாலு. ஒன்றுக்குப் பல் உடைந்திருந்தது.

இப்படித்தான் அது நிலைத்தது. மனிதர்கள் கையில் பிடித்திருப்பது எதுவோ அது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. நூலிழை பிரிந்திருந்தால் அதுவும் தெரிந்தது. கையில் இல்லாதது எதுவும் தெரியவில்லை. ஊசியை அவள் கையில் எடுத்தால் ஊசியும் அதன் காதும் தெரியும், நூலை எடுத்தால் நூல் தெரியும், துணியைப் பிடித்தால் துணி தெரியும். அதற்குமேல் ஒரு தையல்காரிக்கு என்ன வேண்டும். அந்த வாரமே மிஷின் ஓட ஆரம்பித்தது, துணியைத் திரும்ப வாங்கிப் போனவர்கள் அவசரம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அளவெடுக்கும்போது மட்டும் நாடாவின் நுனியை வாடிக்கைக்காரியையே பிடிக்கச் சொல்வாள். அவளைப் பார்க்க வருகிறவர்கள் எதையாவது கையில் எடுத்து வரப் பழகிக்கொண்டார்கள். ஆசிரியை பிரம்பு, பேக்கரிக்காரர் மாவு முறம், அளவைக்காரர் பென்சில். மறந்து வெறுங்கையோடு வந்தவர்கள் தெருவில் கிடக்கும் குச்சி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு படியேறினார்கள். யாருக்காவது நேர்ச்சை இருந்தால் அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போய், எந்த ஜன்னலில் யார் என்று கேட்டுக்கொண்டு முழங்காலிட்டார்கள். அவள் பதில் சொல்லிவிட்டு, "சீக்கிரம் கேளுங்க, கடையில ஆள் நிக்கிது" என்பாள். இது லூசியாளின் வேலையா, அப்போலோனியாள் வேலையா, நாய்க்காரர் வேலையா என்று அளவைக்காரர் ஒருநாள் ஏணியக்காவைக் கேட்டார். நான் எல்லாரையும்தான் கேட்டேன், யார் எடுத்துக் கொடுத்தார்களோ தெரியாது என்றாள். அவர் நோட்டைத் தேடி எடுத்து ஒரு புதுக் கட்டம் போட்டார், பிறகு அதையும் காலியாகவே விட்டார்.

ஏணியக்காவுக்கு, புனிதர்கள் வெறுங்கையோடு நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நடந்தது ஒன்று உண்டு. தங்கை முன்னறையில் நின்று, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டாள். அக்கா எதிரில் ஒரு முழ தூரத்தில்தான் நின்றாள். "இங்கதாண்டி இருக்கேன்." தங்கை குரல் வந்த திசையைப் பார்த்தாள், அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். அக்கா தன் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய், வாளி விளிம்பில் காய்ந்துகொண்டிருந்த பனியன் துணியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். தங்கையின் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா" என்றாள். அன்றிலிருந்து ஏணியக்கா அந்தத் துணியைக் கீழே வைக்கவில்லை. சாப்பிடும்போது இடது கையில் இருந்தது, தூங்கும்போது மணிக்கட்டில் முடிந்திருந்தது. கிழிந்தால் தங்கையே ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். கை வலிக்கவில்லையா என்று யாராவது கேட்டால், வலிக்கும்தான் என்பாள்.

பதினேழு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் ஏணியக்கா இறந்துபோனாள். குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, முன்னறையில் பெட்டியில் கிடத்தினார்கள். துணியை அழுக்கென்று எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, கைகளைக் கோத்து ஜெபமாலை ஒன்றைச் சுற்றிவைத்தார்கள். தங்கையைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீல மணி ஜெபமாலை. இது யாரு?" என்றாள்.  பூட்டுக்காரர்தான், அவருக்கும் அப்போது நல்ல வயது, குனிந்து மேஜைக்கடியில் கிடந்த பனியன் துணியைத் தேடி எடுத்தார். ஜெபமாலையைக் கழற்றிவிட்டு, மடங்கிய விரல்களுக்கு நடுவில் அதைச் செருகினார்.

"அக்கா" என்றாள் தங்கை.